பெருமாளுக்குக் குளிராதா?

தமிழகத்துக் குழந்தைகள் அறிந்த பனி, மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளியே. வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். கையால் அள்ளத்தக்க பனியும் மலையையே மூடும் பனியும் அவர்களுக்குத் தொலைக்காட்சியில் கண்ட காட்சிகள். அந்தப் பனியை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது பேரக்குழந்தைகளின் ஆசை. வதரியில் எழுந்தருளியிருக்கும் நாராயணனை ஒருமுறை சேவிக்க வேண்டும் என்பது தாத்தா பாட்டியின் ஆசை. இவ்விரண்டும் ஒரே பயணத்தில் நிறைவேறும் என்று எண்ணி, கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று கோடை விடுமுறையில் பத்ரிநாத்துக்குப் புறப்பட்டது.

கடும் பனியின் காரணமாக ஏறத்தாழ ஆறு மாதங்கள் அத்திருக்கோயில் அடைக்கப்பட்டிருக்கும். நவம்பரில் சாத்தப்படும் திருக்கதவு, அட்சய திருதியையை ஒட்டிய நாட்களில் திறக்கப்படும். திறந்த சில நாட்களில் சென்றால், சாலையோரத்தில் கரையாத பனியைக் காணலாம். அதற்காகவே மே மாதத் தொடக்கத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். தாத்தாவுக்கு வயது 74. வேலையிலிருந்த காலத்தில் விடுப்பில்லை. ஓய்வு பெற்றபின் இதயச் சிகிச்சை. நாற்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போன யாத்திரை அது.

ரிஷிகேசத்திலிருந்து இரண்டு நாள் மலைப்பாதையில் பயணம் செய்து ஜோஷிமட்டை அடைந்தனர். அவ்வூர் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அன்றிரவே தாத்தாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மறுநாள் பரிசோதித்த மருத்துவர், இதற்குமேல் ஏறுவது உசிதமன்று என்று கூறிவிட்டார். பத்ரிநாத் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றில் பிராணவாயு இன்னும் குறைவு. இன்னும் 45 கிலோமீட்டர்தான். வீட்டார் ஒருவரும் பேசவில்லை. பேத்திக்கு எட்டு வயது. பெரியவர்களின் முகம் பார்த்து அவளும் மௌனமாக இருந்தாள். ஐந்து வயதுப் பேரன் மட்டும், “அப்படியானால் பனி கிடையாதா?” என்று கேட்டான்.

“நீங்கள் வராமல் நானும் போகமாட்டேன்” என்றாள் பாட்டி. தாத்தா சற்று நேரம் மலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: “இந்த ஊர் சாமானியமானதன்று. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுவே என்று பெரியோர் கொள்வர். குளிர்காலத்தில் வதரியில் கதவு சாத்தினால், உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கு இறங்குகிறார்கள். ஆதிசங்கரரின் ஆசனம் இங்குள்ள நரசிம்மர் கோயிலுக்கு வருகிறது. பனிக்காக அவர்களே கீழிறங்கும்போது, நான் இங்கே தங்குவதில் என்ன குறை? நீ என் கண்ணாகப் போய்ச் சேவித்துவிட்டு வா.” மகன் தந்தையோடு தங்கினான். பாட்டியும் மருமகளும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏறினர்.

பத்ரிநாத்தை நெருங்கும்போது சாலையின் ஒரு பக்கத்தில் ஆளுயரத்துக்குப் பனி குவிந்திருந்தது. பேரன் வண்டியிலிருந்து இறங்கி ஓடினான்; அருகில் சென்றதும் முகம் வாடியது. “இது வெள்ளையாக இல்லையே!” மேற்பரப்பில் தூசி படிந்து சாம்பல் நிறமாக இருந்தது. ஓட்டுநர் மேற்பகுதியைச் சுரண்டிவிட, உள்ளே இருந்த வெண்மை தெரிந்தது. அள்ளினான், எறிந்தான், அக்காளின் தலையில் கொட்டினான். சிறிது நேரத்தில் விரல்கள் சிவந்து வலியெடுக்கவே அழத் தொடங்கினான். பாட்டி அவன் கைகளைத் தன் கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றினாள். ஆட்டம் அத்துடன் முடிந்தது.

சன்னிதியில் பத்ரிநாராயணரைச் சேவித்து வெளியே வந்ததும் அவன் கேட்டான்: “பாட்டி, இவ்வளவு பனியில் பெருமாளுக்குக் குளிராதா?”

“அதற்குத்தான், கண்ணா, கதவு சாத்தும் நாளில் அவருக்கு ஒரு கம்பளி போர்த்துகிறார்கள். பக்கத்தில் மாணா என்ற கிராமம் இருக்கிறது. அவ்வூர்ப் பெண்கள் அதை நெய்து தருவார்கள். நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குச் சாத்துவார்கள். கதவு திறக்கும்போது அதை எடுத்துப் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார்கள்.”

“ஆறு மாதமும் தனியாகவா இருப்பார்?”

“விளக்கேற்றிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். அந்த நாட்களில் நாரதர் வந்து பூஜை செய்கிறார் என்பது நம்பிக்கை. மாணா மக்களும் குளிர்காலத்தில் கீழே இறங்கிவிடுவார்கள். வசந்தத்தில் திரும்பி வருவார்கள்.” குளிரில் தன் கை வலித்ததனால்தான் பேரனுக்கு அந்தக் கேள்வி பிறந்தது என்பதைப் பாட்டி உணர்ந்திருந்தாள். புராணக் கதையாகப் பலமுறை சொல்லியும் பதியாத வதரி, அந்த ஒரு கேள்வியில் அவனுக்குச் சொந்தமாயிற்று.

தாத்தாவுக்குக் காட்டவேண்டுமென்று பேத்தி ஒரு தண்ணீர்ப் புட்டியில் பனியை அடைத்து எடுத்து வந்தாள். ஜோஷிமட்டுக்கு வந்து திறந்தபோது அடியில் சிறிது மண்ணும் மேலே கலங்கிய நீருமே இருந்தன. அவள் கண்கள் கலங்கின. தாத்தா அந்த நீரில் சில துளிகளை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். “அம்மா, பனி எங்கும் போய்விடவில்லை. அங்கே உருகும் பனிதான் அலகநந்தையாக இறங்கி வருகிறது. தேவப்பிரயாகையில் பாகீரதியோடு கலந்து கங்கை என்று பெயர் பெறுகிறது. நம் பூஜை அறையில் மூடி வைத்திருக்கும் கங்கைச் சொம்பில் இருப்பதும் இப்படி வந்த நீர்தான்” என்றார். திரும்பும் வழியில் தேவப்பிரயாகையில், பச்சையும் பழுப்புமாக இரு நதிகள் கலப்பதைக் குழந்தைகள் நெடுநேரம் பார்த்து நின்றனர்.

முதுமையின் தளர்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அவை வந்து சேருமுன் வதரியை வணங்குவோம் என்று பெரிய திருமொழியில் ஆழ்வார் நெஞ்சுக்கு அறிவுறுத்துகிறார். இன்று பாதை வந்துவிட்டது, வண்டியும் வந்துவிட்டது. ஆயினும் அந்த அறிவுரை பழையதாகிவிடவில்லை. பேரக்குழந்தைகளோடு செல்ல விரும்பும் பெரியோர், உடல் இடங்கொடுக்கும்போதே புறப்படுவது நன்று. புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வதும், ஜோஷிமட்டில் ஓரிரவேனும் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு மேலே ஏறுவதும் அவசியம். குழந்தைகளுக்குக் கையுறையும் காதுகளை மூடும் தொப்பியும் மறவாமல் வேண்டும். தப்தகுண்டத்து வெந்நீரின் சூட்டைப் பெரியவர்கள் முதலில் கையால் தொட்டறிந்த பின்னரே குழந்தைகளை அதனருகே விடவேண்டும்.

மலையேற இயலாமல் பாதியில் நின்றவர்கள் மனம் நோக வேண்டியதில்லை. அந்தத் தாத்தா, மகனின் தோளைப் பற்றிக்கொண்டு, மூன்று நாட்களும் நரசிம்மர் சன்னிதிக்குச் சென்று வந்தார்.