அப்பாவோட பிக்கப் மேல ஒரு பாப்-அப் ரூம்: 4 லட்சம் லோனுக்கு முன்னாடி ஒரு கணக்கு

ராஜபாளையத்துக்காரத் தம்பி ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். வயசு 27, சென்னையில ஐடி வேலை, பிடித்தம் போக கைக்கு வர்றது 52,000. அப்பா போர்வெல் மோட்டார் மெக்கானிக். வீட்ல ஒரு பொலேரோ கேம்பர் நிக்குது. பின்னாடி ட்ரேயில ரெண்டு பக்கமும் இரும்புப் பெட்டி அடிச்சு, ஸ்பேனர், செயின் பிளாக், கேபிள், ஸ்பேர் எல்லாம் அதுக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க. மேல பைப் ஏத்த ஒரு ஸ்டாண்ட்.

அந்த ட்ரே மேல ஒரு பாப்-அப் கேம்பர் மாட்டணும்கிறது தம்பியோட ஆசை. யூடியூப்ல பார்த்திருப்பீங்க. வண்டி ஓடும்போது தட்டையா ஒரு பெட்டி மாதிரி இருக்கும். நிறுத்தி கூரையைத் தூக்கினா கேன்வாஸ் சுவரோட ஒரு சின்ன ரூம், உள்ள படுக்கை, அடுப்பு, லைட்டு. ஒரு ஃபேப்ரிகேட்டர் 4 லட்சம் சொல்லியிருக்கார். பேங்க் 14 சதவீத வட்டியில 3 வருஷத்துக்கு பர்சனல் லோன் தர ரெடியா இருக்கு. "எடுக்கலாமா ப்ரோ, யெஸ் ஆர் நோ மட்டும் சொல்லுங்க"ன்னு முடிச்சிருந்தார்.

என் பதில் நோ. இதை வீடியோவுல சொன்னா, "மிடில் கிளாஸ் பையன் ஆசைப்படவே கூடாதா"ன்னு கேப்பீங்க. அதான் உட்கார்ந்து எழுதறேன். நான் ஆசைக்கு எதிரி இல்ல. இந்த ஆசைக்கு யாரோட வண்டி அடமானம் ஆகுதுங்கிறதுதான் என் பிரச்னை.

முதல்ல லோன். 4 லட்சம், 14 சதவீதம், 36 மாசம். இஎம்ஐ சுமார் 13,670. சம்பளத்துல கால்வாசிக்கு மேல. மொத்தமா கட்டுறது 4,92,000. சரி, இதை ராத்திரிக் கணக்கா மாத்துங்க. சென்னையில வேலை, வண்டி ராஜபாளையத்துல. வருஷத்துக்கு எத்தனை ராத்திரி அதுல தூங்குவீங்க? பொங்கல், தீபாவளி லீவு, ரெண்டு மூணு லாங் வீக்கெண்ட், கொஞ்சம் இஎல். தாராளமா 15 போடுவோம். 3 வருஷத்துல 45 ராத்திரி. ஒரு ராத்திரி 10,900 ரூபாய்.

இதுல அப்பாவோட கணக்கு சேரலை. வண்டி ஒரு நாள் வேலைக்குப் போனா செலவு போக 1,800 நிக்கும்னு தம்பியே எழுதியிருக்கார். 15 ராத்திரின்னா போக வர, ஏத்த இறக்க எல்லாம் சேர்த்து 20 நாள் வண்டி தொழிலுக்கு இல்ல. வருஷத்துக்கு 36,000. 3 வருஷத்துக்கு 1,08,000. இப்போ மொத்தம் 6 லட்சம். ஒரு ராத்திரி 13,300. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நல்ல ஏசி ரூமுக்கு 2,000, டிரைவரோட ஒரு காருக்கு நாளைக்கு 3,500னு வச்சுக்கிட்டாலும் பாதிகூட வராது. "பெட்டி 8 வருஷம் உழைக்குமே ப்ரோ"ன்னு சொல்லலாம். உழைக்கட்டும். ஆனா உங்களுக்கு கல்யாணம் ஆகி, குழந்தை பொறந்து, அதுக்கப்புறமும் 15 ராத்திரி போவீங்களான்னு நீங்களே யோசிங்க. விக்கலாம்னா, ஒரே ஒரு வண்டியோட அளவுக்கு அடிச்ச பெட்டியை வாங்க ஆள் தேடணும்.

அடுத்து எடை. இதை யாரும் வீடியோவுல காட்ட மாட்டாங்க. ஆர்சி எடுத்துப் பாருங்க, மொத்த எடையும் காலி வண்டி எடையும் போட்டிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் உங்க கையிருப்பு. இந்த மாதிரி பிக்கப்புக்கு ஒரு டன் பக்கம்னு வைங்க. பக்கவாட்டு இரும்புப் பெட்டி 150 கிலோ, உள்ள இருக்கிற சாமான் 250, இரும்பு ஃபிரேம்ல பிளைவுட் அடிச்ச கேம்பர் 500, தண்ணி 60 லிட்டர்னா 60 கிலோ, பேட்டரி 30, பாய் படுக்கை பாத்திரம் 60. ஆளுங்களை ஏத்தாமலே 1,050. நாலு பேர் உட்கார்ந்தா எங்க போய் நிக்கும்னு பார்த்துக்கங்க.

சாமானை இறக்கி வச்சுட்டுப் போறேன்னு சொன்னாலும் இடப் பிரச்னை போகாது. பக்கவாட்டுப் பெட்டி இருக்கிற ட்ரேயில நடுவுல கிடைக்கிற அகலம் கம்மி. அப்போ கேம்பர் அந்தப் பெட்டிகளுக்கு மேல ஏறி உட்காரணும். மொத்த பாரமும் ஒரு அடி, ஒன்றரை அடி மேல போகுது. கேம்பரோட விளிம்பு வெளிய நீட்டினா பெட்டி மூடி திறக்காது. அப்பாவுக்கு 24 எம்எம் ஸ்பேனர் வேணும்னா மகனோட பெட்ரூமைக் கழட்டணும். பைப் ஸ்டாண்டும் போச்சு, 20 அடி பைப்பை எங்க வைப்பார்? பிடிப்பும் ட்ரே தகட்டுல போடக்கூடாது, சேஸிஸ் வரைக்கும் போகணும், இல்லன்னா ஒரு பெரிய பள்ளத்துல தகடு கிழிஞ்சுடும். இறக்கி வைக்கணும்னா நாலு மூலையிலயும் ஜாக்கி கால் வேணும், அந்தக் கால்கள் வண்டியோட முழு அகலத்துக்கும் வெளிய நிக்கணும், அப்பத்தான் வண்டி நடுவுல புகுந்து வெளிய வரும். இதெல்லாம் செய்ய முடியாத வேலை இல்ல. கரூர்ல பஸ்ஸுக்கும் நாமக்கல், திருச்செங்கோட்டுல லாரிக்கும் பாடி கட்டுறவங்க இதைவிடக் கஷ்டமானதைச் செஞ்சிருக்காங்க. ஆனா அந்த 4 லட்சக் கொட்டேஷன்ல இதெல்லாம் இருக்கான்னு தம்பி கேட்கலை.

மேல ஏறின பாரத்தோட அந்த வண்டி எந்த ரோட்டுல போகும்? திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியா கொல்லம் போற ரோடு. செங்கோட்டை தாண்டினா ஆரியங்காவு வளைவுகள். ஆடி மாசக் காத்துல அந்தப் பக்கம் பைக் ஓட்டினவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போ எனக்கு உண்மையிலயே பயமா இருக்கிற இடம்: ஆர்சி. அப்பாவோட வண்டி சரக்கு வண்டியா பதிவான மஞ்சள் போர்டு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் அதை இன்னும் அழுத்தமாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ரெண்டும். ஓனர் யாரு? நீங்க இல்ல, அப்பா.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்னு ஒரு வகையே நம்ம நாட்டுல இருக்கு. அதுக்கு முறையா சான்று வாங்கின வண்டியை நான் குறை சொல்லலை. இது சரக்கு வண்டி மேல ஏறின பெட்டி. "கழட்டி மாட்டுற பெட்டிதானே, அதுவும் லோடு மாதிரிதான்"னு ஃபேப்ரிகேட்டர் சொல்லுவார். இருக்கலாம். அதை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல கேட்டு, எழுத்துல பதில் வாங்குங்க. செக்போஸ்ட்ல அவர் கூட வரமாட்டார்.

இன்சூரன்ஸ் இதைவிட மோசம். சரக்கு வண்டியில சும்மா ஏறிப் போறவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு இல்லன்னு உச்ச நீதிமன்றம் 2002-லயே தீர்ப்பு சொல்லியிருக்கு. வண்டி ஓடும்போது நண்பன் ஒருத்தன் பின்னாடி படுக்கையில படுத்துட்டு வர்றான்னு வைங்க. யூடியூப்ல அழகா இருக்கும். ஏதாவது ஆச்சுன்னா அந்தக் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு அப்பா தலையில வந்து விழும். 30 வருஷம் மோட்டார் தூக்கிச் சம்பாதிச்ச வீடு அதுல போயிடும். 13,670 இஎம்ஐ எல்லாம் இதுக்கு முன்னாடி சில்லறை.

சரி, எல்லாம் சரியாவே நடந்துச்சுன்னு வைப்போம். எங்க நிறுத்துவீங்க? தம்பியோட லிஸ்ட்ல முதல் ரெண்டு இடம் அய்யனார் கோயில் அருவி, செண்பகத்தோப்பு. ரெண்டுமே சாம்பல் நிற அணில் சரணாலயப் பக்கம். அந்தச் சரணாலயம் 1988-ல வந்துச்சு, 2021 பிப்ரவரியில ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாவும் ஆயிடுச்சு. வனத்துறை அனுமதி இல்லாம ராத்திரி வண்டியை நிறுத்தி அடுப்புப் பத்த வைக்கிற இடம் இல்ல அது. மேற்கே காடுன்னா கிழக்கே எல்லாம் யாரோ ஒருத்தரோட மாந்தோப்பு, தென்னந்தோப்பு, நூல் மில். கோயில் பக்கம் நிறுத்தலாம்னா, ஆடிப்பூரத் தேர் சமயத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்ல சைக்கிள் நிறுத்தவே இடம் தேடணும்.

அமெரிக்காவுல இந்த பாப்-அப் கேம்பர் ஏன் கட்டுப்படியாகுதுன்னா, பெட்டி மலிவுங்கிறதால இல்ல. மேற்கு மாநிலங்கள்ல மத்திய அரசு நில மேலாண்மைத் துறையோட பொது நிலம் கண்ணுக்கெட்டின தூரம் கிடக்கு. பெரும்பாலான இடத்துல 28 நாளுக்குள்ள 14 நாள் வரைக்கும் காசு கட்டாம நிறுத்தித் தூங்கலாம். அந்த இலவச நிலம்தான் ரூம் வாடகையை மிச்சப்படுத்துது. நாம பெட்டியை மட்டும் காப்பி அடிக்கிறோம், நிலத்தைக் காப்பி அடிக்க முடியாது. கேரளா இதைப் புரிஞ்சுக்கிட்டுதான் 2021-ல கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டு வந்தப்போ, வண்டியோட சேர்த்து கேரவன் பார்க்கையும் பேசுச்சு. நம்ம ஊர்ல கேரவன்னா இன்னும் ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏறி உட்கார்ற வண்டிதான்.

அப்போ தம்பி என்ன செய்யணும்? என் யோசனை ரொம்பச் சாதாரணம். ஒரு தடவை வாடகைக்கு கேம்பர் எடுத்து மூணு ராத்திரி போங்க. 25,000 ஆனாலும் பரவாயில்லை, அது ஃபீஸ். மூணாவது நாள் காலையில பாத்ரூம் தேடும்போது உங்களுக்கே நிறைய தெரிஞ்சுடும். அதுக்கும் முன்னாடி, சொந்தக்காரங்க தோப்பு ஏதாவது இருந்தா அதுல வண்டியை நிறுத்தி, ட்ரேயில சாமானை இறக்கிட்டு, ஒரு மெத்தை, ஒரு தார்ப்பாய், ஒரு கொசுவலை. 3,000 ரூபாய்க்குள்ள முடியும். ஆர்சியில ஒரு எழுத்து மாறாது. சித்திரை வெயில்ல ராத்திரி பத்து மணிக்கு அந்த இரும்புத் தகடு எவ்வளவு சுடும்னும் பார்த்துடலாம்.

அதுக்கப்புறமும் ஆசை போகலைன்னா மாசம் 5,000 தனியா ஒரு ஆர்டியில போடுங்க. 3 வருஷத்துல வட்டி சேராமலே 1,80,000. அப்போ உங்க பேர்ல, வெள்ளை போர்டுல ஒரு பழைய வண்டியை வாங்கிச் செய்யலாமான்னு பேசுவோம். அப்பாவோட தொழில் வண்டியை விட்டுடுங்க.

இதையெல்லாம் தம்பிக்கு எழுதிட்டு, ஒரு கேள்வியும் கேட்டேன். வருஷத்துல எந்த மாசம் அப்பா வண்டி சும்மா நிக்கும்? பதில் அன்னைக்கு ராத்திரியே வந்துச்சு. மாசி தொடங்கி ஆடி வரைக்கும் போன் ஓயாது ப்ரோ, கிணறு வத்த வத்த மோட்டாரை இறக்கச் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஐப்பசி கார்த்திகையில மழை பெய்யும்போதுதான் வண்டி வீட்ல நிக்கும்.

கேன்வாஸ் சுவரோட 4 லட்ச ரூபாய் ரூம், அடைமழை மாசத்துக்கு. அப்பாகிட்ட இன்னும் இதைச் சொல்லவே இல்லையாம். இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறாராம், முதல்ல ஆர்சியை எடுத்துப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார்.