கூடையை வாங்கிப் போஸ் கொடுக்கும் நாம்



பாடசாலை விடுமுறை முடிந்து நுகேகொடைக்குத் திரும்பிவிட்டோம். எமது வட்ஸ்அப் குழுமங்கள் நுவரெலியாப் படங்களால் நிறைந்து கிடக்கின்றன. அதில் ஒரு படம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு தாயின் கூடையை வாங்கி, கயிற்றைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு எம்மவர் ஒருவர் சிரிக்கிறார். பக்கத்தில் அந்தத் தாய் வெறுங்கையோடு நிற்கிறார். கீழே ஒரு கருத்து: "என்ன நிம்மதியான வாழ்க்கை, மாஷா அல்லாஹ்!"

நிம்மதியா? தோட்டம் குறித்த கிலோ நிறுவையில் வராவிட்டால் அவருக்கு அன்று முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான். நாம் போட்டோவுக்கு எடுத்த பத்து நிமிடமும் அவருடைய கொழுந்திலிருந்து போனது. நாட்சம்பளமாக 1000 ரூபா கேட்டு அந்த மக்கள் எத்தனை வருடம் வீதியில் நின்றார்கள்! 2021இல்தான் அது கிடைத்தது. அடுத்த வருடமே நாட்டின் பொருளாதாரம் விழுந்து, அரிசி விலையும் மா விலையும் அதைத் தின்றுவிட்டன. 1350 ஆவதற்கு 2024 வரை காத்திருந்தார்கள். நுவரெலியா ஹோட்டலில் நாம் ஒரு ஹை டீக்குக் கொடுக்கும் காசு அதைவிட அதிகம்.

"நாங்கள் போனால்தானே அவர்களுக்கும் வருமானம்?" என்று சிலர் கேட்கிறார்கள். எங்கே போகிறது அந்த வருமானம்? பெக்டரி பார்க்கக் கொடுக்கும் காசு கம்பனிக்கு. அறை வாடகை ஹோட்டலுக்கு. படத்துக்கு நின்றவருக்கு, மனமிருந்தால் ஒரு நூறு ரூபா. துரைமார் இருந்த பங்களாக்கள் ஹோட்டல்களாகிவிட்டன. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் பெக்டரியே ஹோட்டலாகிவிட்டது. லயம் மட்டும் இன்னும் லயம்தான். வீட்டுத் திட்டங்கள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்துக் காம்பராக்களில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன.

ஆசிரியர்களாகிய எம்மிடமும் பிழை இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். அந்த மலையை வெட்டித் திருத்தியவர்கள் யார் என்று சொல்வதில்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்து, கொள்ளை நோயில் வழியிலேயே மாண்டவர்களைச் சொல்வதில்லை. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டதையும், 1964இல் இரண்டு பிரதமர்கள் அவர்களைக் கேட்காமலே ஆளுக்கு இத்தனை இலட்சம் என்று பங்கு போட்டதையும், மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டம் வந்ததையும் அழுத்திச் சொல்வதில்லை.

"நான் சென்ற ஒரு சுற்றுலா" என்று ஒருமுறை கட்டுரை எழுதச் சொன்னோம். பாதி வகுப்பு நுவரெலியா. நீர்வீழ்ச்சி, பனி, ஸ்ட்ரோபரி. ஒரு பிள்ளை மட்டும், தீபாவளிக்கு அம்மாயி வீட்டுக்குப் போனதை எழுதியிருந்தாள். இரவில் மழை பிடித்ததும் அம்மாயி தூங்காமல் வாசலிலேயே உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தாள். நாம் என்ன செய்தோம்? "தலைப்புக்குப் பொருத்தமில்லை" என்று சிவப்புப் பேனையால் எழுதிப் புள்ளியைக் குறைத்தோம்.

அந்த அம்மாயி ஏன் தூங்கவில்லை? தியலும நீர்வீழ்ச்சிக்கு வேன் பிடித்துப் போகிறோமே, அதே கொஸ்லந்தைப் பக்கத்தில்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு காணி இருக்கவில்லை. எமது வேன்களில் எத்தனை அங்கே நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருந்திருக்கின்றன?

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மலையின் பிள்ளைகளைப் பார்க்க நாம் நுவரெலியா போகத் தேவையில்லை. புறக்கோட்டையில் எமது கடைகளில் மூட்டை தூக்குவது அவர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எமது சாப்பாட்டுக் கடைகளில் மேசை துடைப்பது அவர்கள். எமது வீட்டுக் குசினியில் நிற்பதும் அவர்கள். மகனுக்கு ஈபிஎஃப் கட்டாமல் விட்டு, மலையில் தாயோடு நின்று படம் எடுக்கிறோம். கூலியைப் பற்றி மார்க்கம் சொன்னதை குத்பாவில் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் நாம். 2020இல் எமது ஜனாஸாக்களை எரித்தபோது, மற்றவர்கள் எமக்காகப் பேசவில்லையே என்று நொந்தவர்களும் நாம்தான்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போவோம். ஆனால் விருந்தாளியாகப் போவோம். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். வேலை நேரத்தில் மறித்து, கூடையைப் பிடுங்க வேண்டாம். லயத்து வாசல் ஒருவருடைய வீட்டு வாசல், அது வியூ பொயிண்ட் அல்ல. லயத்துப் பிள்ளைகள் நடத்தும் சின்னக் கடையில் தேநீர் குடிப்போம். வேனில் ஏறுமுன் எமது பிள்ளைகளுக்கு 1948ஐச் சொல்லிக்கொடுப்போம். திரும்பி வந்ததும், எமது கடையிலும் வீட்டிலும் வேலை செய்பவரின் சம்பளத்தையும் லீவையும் ஒருமுறை சரிபார்ப்போம்.

அந்தப் பிள்ளையின் கொப்பியை, இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணை திரும்ப வாங்கித் திருத்தப் போகிறோம்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம்.