டோசைக் கூட்டாதேங்கோ, முதலில இரும்பைப் பாருங்கோ

சின்ன வயசில கதிரையில இருந்து காலாட்டினால் அம்மா தொடையில ஒண்டு போடுவா. "காலாட்டாதை, வீட்டுக்கு மூதேவி வரும்" எண்டுவா. மூதேவி வந்தாவோ தெரியாது, எனக்கு நாப்பது வயசு தாண்டினாப் பிறகு வருத்தம் வந்தது. இப்ப அம்மாவே வந்து அடிச்சாலும் இந்தக் காலை ஆட்டாமல் வைச்சிருக்க ஏலாது.

வெஸ்ட்லி எண்டது ஒஸ்லோவில 5ஆம் இலக்க ரி-பான முடியிற இடம். அதுக்கங்கால லில்லோமார்க்கா காடு. இரவு கடைசி ரயில் வந்து நிண்டிடும். என்ர கால் நிக்காது. ரெண்டு மணிக்கு, மூண்டு மணிக்கு, ஜக்கெட்டைக் கொழுவிக்கொண்டு புளொக்குகளுக்கு நடுவில நடப்பன். சில நாளில ஸ்தூவ்னர் கோபுரப் பாதை மட்டும் போய் வருவன். நாயில்லாமல் அந்த நேரத்தில நடக்கிற ஒரே ஆள் நான்தான். ஒருநாள் பொலிஸ் கூட நிப்பாட்டிக் கேட்டது, எங்க போறாய் எண்டு. நித்திரைக்குப் போறன் எண்டன். அவையள் சிரிக்கேல்லை.

விசயத்துக்கு வாறன். இந்த வருத்தத்துக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் எண்டு பேர். எங்கட ஆக்கள் இதைக் கால் உளைவு எண்டு விட்டிடுவினம். அதில்லை இது. உளைவு நடந்தால் வரும், படுத்தால் போகும். இது படுத்தால் வரும், நடந்தால் போகும். குறண்டி இழுக்கிறதுமில்லை. எலும்புக்குள்ள ஏதோ ஊருற மாதிரி, ஆட்டு ஆட்டு எண்டு உள்ளுக்கிருந்து ஆரோ சொல்லுற மாதிரி. பின்னேரம் தொடங்கி நடுச்சாமத்தில உச்சம்.

புது வருத்தமுமில்லை. தோமஸ் வில்லிஸ் எண்ட ஆங்கில வைத்தியர் 1672இலயே எழுதி வைச்சவர். பக்கத்து சுவீடனில கார்ல் அக்செல் எக்பொம் எண்ட டொக்டர் 1945இல முழுசா ஆராய்ஞ்சு பேர் வைச்சவர். 2005இல வந்த ஒரு ஆய்வில நோர்வேயிலயும் டென்மார்க்கிலயும் 2000 பேரளவில போனில கேட்டவை. நூறு பேரில பதினொண்டு பன்னிரண்டு பேருக்கு இது ஏதோ ஒரு அளவில இருந்தது. அப்பிடியெண்டால் எங்கட கலியாண வீட்டில 300 பேர் இருந்தால், அதில கனபேர் மேசைக்குக் கீழ காலை ஒளிச்சு வைச்சுக்கொண்டுதான் இருப்பினம்.

நானும் கனகாலம் ஒளிச்சனான். 1987இல வந்து வடக்கில மீன் பக்டரியில நாள் முழுக்க ஈரத் தரையில நிண்டு வேலை. பிறகு ஒஸ்லோவில கிளீனிங். கால் நோகாமல் வேற என்ன நோகும் எண்டு நினைச்சன். ஊரிலயிருந்து வந்த எல்லாத் தைலமும் பூசியாச்சு. மணம்தான் மிச்சம்.

2009இல குடும்ப டொக்டரிட்டப் போனன். எனக்கு வேலைக்கான நொஸ்க் தெரியும், வருத்தத்துக்கான நொஸ்க் தெரியாது. பதின்மூண்டு வயசு மகளைக் கூட்டிக்கொண்டு போனன். அவள்தான் மொழிபெயர்ப்பு. "அப்பா, குளிசை தாறாராம், படுக்க முதல் போடட்டாம்." அவ்வளவுதான். பக்கவிளைவைப் பற்றி அவர் சொன்னவரோ, சொல்லி அவளுக்குத்தான் விளங்கேல்லையோ, இண்டைக்கு மட்டும் தெரியாது. (2022இல இருந்து நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், பிள்ளையளை இப்பிடிப் பாவிக்கக்கூடாது எண்டு சொல்லுது. இருந்தும் "மகள் வாறாள் தானே" எண்டு போற ஆக்கள் எங்களுக்குள்ள இன்னும் இருக்கினம்.)

குளிசையின்ர பேர் பிரமிபெக்சோல். முதலில பார்க்கின்சன் வருத்தத்துக்கு வந்தது, ஐரோப்பாவில 2006இல காலுக்கும் அனுமதிச்சவை. டோபமின் செய்யிற வேலையை மூளையில தான் செய்து காட்டும். முதல் இரவே நித்திரை! பச்சைப்பிள்ளை மாதிரிக் கிடந்தன். மனிசி பயந்துபோய் மூச்சு வருதோ எண்டு பாத்தவவாம். அந்த ஒரு வருசத்தை நான் மறைக்க மாட்டன். அந்தக் குளிசையைக் கும்பிட்டனான்.

பிறகு?

பிறகு இரவு பத்து மணிக்கு வந்தது எட்டு மணிக்கு வந்தது. டொக்டர் கூட்டினார். 0.088இல தொடங்கினது 0.18 ஆச்சுது. ரெண்டு மூண்டு வருசத்தில பின்னேரம் ஐஞ்சு மணிக்கு வந்தது. கூட்டினார், 0.35. பிறகு மத்தியானம் ரெண்டு மணி, பஸ்சில இருக்க ஏலாது. கூட்டினார், 0.54. காலுக்கு அதுதான் உச்ச அளவு. தொடங்கினதிலயிருந்து ஆறு மடங்கு. 2018இல கொழும்புக்குப் பிளேனில போகேக்க பாதி வழி கழிப்பறைக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு போனன். 2022இல கையும் தொடங்கிச்சுது. சாப்பிடேக்க கை துள்ளினால் பேரப்பிள்ளை சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஒவ்வொருமுறையும் ஒரே வசனம்: "வருத்தம் முத்துது, கொஞ்சம் கூட்டிப் பாப்பம்."

வருத்தம் முத்தேல்லை, ஐயா. மருந்துதான் முத்த வைச்சது.

இதுக்கு ஓகுமென்டேசன் எண்டு பேர். டோபமின் மருந்தைக் கனகாலம் போட்டால் வருத்தம் நேரத்தோட வரத் தொடங்கும், கடுமையாகும், இருந்து கொஞ்ச நேரத்திலயே பிடிக்கும், கைக்கும் பரவும். டோசைக் கூட்டினால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு இன்னும் மோசமாகும். நெருப்பை அணைக்கிறன் எண்டு மண்ணெண்ணெய் ஊத்துற கதை. இது நேற்றுக் கண்டுபிடிச்சதில்லை. லெவோடோபா எண்ட மருந்தில இப்பிடி நடக்குது எண்டு அமெரிக்காவில அலன், ஏர்லி எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் 1996இலயே எழுதியிட்டினம். எனக்குக் குளிசை எழுதினது 2009இல. பதின்மூண்டு வருசம் போட்டுது. என்ர மகள் பிறந்து, வளர்ந்து, எனக்கு மொழிபெயர்க்க வந்த அவ்வளவு காலம்.

சரி, ஒரு டொக்டரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டன். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2012இல இந்தக் குளிசையளைத்தான் முதல் வரிசையில வைச்சது. அதே அகாடமி 2025 ஜனவரியில வழிகாட்டியை மாத்தி எழுதியிட்டுது. பிரமிபெக்சோல், ரொப்பினிரோல் வகையறாவை வழமையாக் குடுக்க வேண்டாம் எண்டு அதில இருக்கு. குறுகிய காலத்துக்கு நிவாரணம் காணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு மட்டும் பாவிக்கலாமாம். முன்னுக்கு வந்தது கபபென்டின், பிரெகபலின் எண்ட வேற வகை மருந்துகளும், தேவையான ஆக்களுக்கு நாளத்தால ஏத்திற இரும்பும்.

இரும்பு! இங்கதான் எனக்கு விசர் வாறது. மூளை டோபமின் செய்யிறதுக்கு இரும்பு வேணும். ரத்தத்தில காணும் எண்டிருந்தாலும் மூளையில குறையலாம். சுவீடனில நோர்ட்லாண்டர் எண்ட டொக்டர் நாளத்தால இரும்பு ஏத்தி இந்த வருத்தம் குறைஞ்சதை 1953இல எழுதினவர். ஒஸ்லோவிலயிருந்து காரில போற தூரத்து நாடு. பதினாறு வருசத்தில எனக்கு எத்தினை தரம் டோசைக் கூட்டினவை எண்டு சொல்லியிட்டன். ஃபெரிட்டின், அதுதான் இரும்புச் சேமிப்பு, எத்தினை தரம் பாத்தவை? ஒருக்கா. 38. "நோர்மல்" எண்டு விட்டிட்டினம். சாதாரண ஆளுக்கு அது நோர்மல்தான். இந்தக் கால்காரருக்கு 75உம் அதுக்குக் கீழயும் எண்டாலே இரும்பு குடுக்க யோசிக்கச் சொல்லுது புது வழிகாட்டி.

இன்னொண்டு, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். டோஸ் கூடின காலத்தில நான் சுரண்டுற லொத்தர் வாங்கத் தொடங்கினன். ஒண்டு ரெண்டில்லை. சம்பளத்தில மனிசிக்குச் சொல்லாத பங்கு. கிளீனிங் செய்து சேத்த காசு. என்ர புத்திதான் கெட்டுப்போச்சு எண்டு நானே என்னைத் திட்டினன், மனிசி நாலு மாசம் என்னோட கதைக்கேல்லை. இந்தக் குளிசை சிலருக்குச் சூதாட்ட வெறி, சாமான் வாங்கிற வெறி கொண்டுவரும் எண்டு பெட்டிக்குள்ள இருக்கிற தாளிலயே எழுதியிருக்கு. நொஸ்கில, கடுகளவு எழுத்தில. கேக்க வேண்டிய டொக்டர் கேக்கேல்லை, வாசிக்க வேண்டிய நான் வாசிக்கேல்லை.

எங்கட ஆக்களையும் விட மாட்டன். விழாவில பின்னுக்கு நிண்டால் "பெரிய ஆள், இருக்க மாட்டார்" எண்டீங்கள். நரம்புத்தளர்ச்சி எண்டீங்கள், தண்ணி கூடிப்போச்சு எண்டீங்கள். உங்கட வீட்டில அம்மாவோ மனிசியோ இரவில எழும்பி நடக்கிறது தெரியேல்லையோ? மாதவிடாய், பிள்ளைப்பேறு, மரக்கறி விரதம், சோத்தோட சேத்துப் பிளேன்ரீ. இரும்பு குறையிறதுக்கு எல்லாத்தையும் நாங்களே செய்துபோட்டு, அவைக்கு "யோசினை கூட" எண்டு பேர் வைக்கிறம்.

2025இல மகள், இப்ப வளர்ந்த மனிசி, அந்த வழிகாட்டியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என்னோட வேற டொக்டரிட்ட வந்தாள். இந்தமுறை மொழிபெயர்ப்புக்கு வேற ஆள் இருந்தார், அவள் மகளாய் இருந்தாள். இரும்பு ஏத்தினவை. கபபென்டின் தொடங்கி, பழைய குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சவை. கடைசித் துண்டை விட்ட பிறகு பதினொரு இரவு நரகம். வெள்ளன வாற முதல் ரயிலைப் பாத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள போவன். பன்னிரண்டாம் இரவு மூண்டு மணித்தியாலம் நித்திரை. இப்ப ஐஞ்சு, ஆறு. சுகமில்லை, ஆனால் கை துள்ளுறேல்லை, லொத்தர்க் கடையைத் தாண்டி நடக்கிறன்.

ஆனபடியால் கேளுங்கோ. குளிசையை நீங்களா டக்கெண்டு நிப்பாட்டாதேங்கோ, அது பொல்லாத வேலை. இரும்பையும் நீங்களா வாங்கி விழுங்காதேங்கோ, கூடினால் ஈரலைப் பிடிக்கும். டொக்டரிட்டப் போய் நாலு கேள்வி கேளுங்கோ: என்ர ஃபெரிட்டின் எத்தினை, "நோர்மலோ" எண்டில்லை, இலக்கம் எத்தினை? வருத்தம் முந்தியைவிட நேரத்தோட வாறது மருந்தாலயோ? கூட்டாமல் குறைக்க என்ன வழி? நான் போடுற வேற மருந்து ஏதும் இதைக் கிளப்புதோ? (நித்திரைக்கும் கடிக்கும் குடுக்கிற பழைய அன்டிஹிஸ்டமின், வாந்திக்குக் குடுக்கிற மெட்டோகுளோபிரமைட், சில மனச்சோர்வுக் குளிசையள் கிளப்பும். எனக்கு நித்திரைக்கெண்டு அதில ஒண்டும் தந்தவை, அது வேற கதை.) அவருக்குத் தெரியாட்டி, பேர்கனில ஹௌகலாண்ட் மருத்துவமனையில நித்திரை வருத்தங்களுக்கெண்டே தேசிய நிலையம் ஒண்டு இருக்கு, அங்க கேளுங்கோ எண்டு சொல்லுங்கோ.

"கூட்டிப் பாப்பம்" எண்டு சொன்னால் மட்டும் உடன தலையாட்டாதேங்கோ. காலாட்டினதுக்கு அடிச்ச என்ர அம்மா, தலையாட்டினதுக்கு ஒருநாளும் அடிக்கேல்லை. அடிச்சிருக்கலாம்.