கடன் கணக்கும் கடவுச்சொல்லும்



ஒருவர் மரணித்தபின் அவருடைய சொத்தை வாரிசுகள் பங்கிட்டுக் கொள்ளும் முன், அவருடைய கடனும் மரண சாசனமும் நிறைவேற்றப்பட வேண்டும். ஸூரத்துந் நிஸாவின் 11, 12 ஆகிய வசனங்கள் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றன. மூன்று தீனார் கடனை விட்டுச் சென்ற ஒருவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் தாமே முன்னின்று தொழ வைக்கவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே தொழ வைத்தார்கள். புகாரியில் பதிவான இச்செய்தியை நம்மில் கேட்டிராதவர் குறைவு. இருப்பினும், நம் கடன்கள் இன்று எங்கே எழுதப்பட்டுள்ளன என்ற கேள்வியை நாம் எழுப்புவதே இல்லை.

நம் பாட்டனார் காலத்தில் அவை பேரேட்டில் இருந்தன. அந்தப் பேரேடு கடையின் மேசை அறையில் இருந்தது. வீட்டில் எவர் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்க முடிந்தது. இன்றோ அவை மின்னஞ்சல் பெட்டிக்குள் இருக்கின்றன. அதன் கடவுச்சொல் ஒரே ஒருவருடைய நினைவில் மட்டுமே இருக்கிறது.

போடிநாயக்கனூரையே எடுத்துக்கொள்வோம். ஏலக்காய் இங்கே நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் விலை பேசப்படுகிறது. மலைக்கு அப்பால் புற்றடியிலும் அவ்வாறே. வாங்கியவருக்கு அனுப்பிய விலைப்பட்டியல், லாரி வாடகை, வங்கிக் கணக்கு அறிக்கை, சரக்கு சேவை வரிக் கணக்கு, பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் உள்ள தோட்டங்களின் குத்தகை உடன்பாடு என யாவும் இணைப்புக் கோப்புகளாக வந்து சேர்கின்றன. வளைகுடாவுக்குச் சென்ற பிள்ளையின் பணி ஒப்பந்தமும் விசாவும் அங்கேதான் கிடக்கின்றன. “இப்போதெல்லாம் வாட்ஸ்அப்தான், மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள்?” என்று சிலர் கேட்கக்கூடும். பேசுவதற்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் வங்கியும் வரித்துறையும் தூதரகமும் இன்னும் மின்னஞ்சலையே நம்புகின்றன. வரிக் கணக்கு ஏடுகளை, ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது முழுமையாக ஆறு ஆண்டுகள்.

“கூகுளிடம் இருக்கிறது, அது பத்திரமாக இருக்கும்” என்பதே பெரும்பாலோரின் பதில். இந்நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி? 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறினால், ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினர் தம் பெட்டிகள் வெறுமையாகி நிற்கக் கண்டனர். இணையத்தோடு தொடர்பற்ற காந்த நாடாக்களில் நகல் இருந்ததால்தான் அக்கடிதங்கள் மீண்டன. அந்நிறுவனமே தன்னிடமுள்ள ஒரே பிரதியை நம்பி இருக்கவில்லை என்பது நமக்குப் பாடம். மேலும், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை அந்நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவித்து, அதே ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. கணக்குக்கு உரியவர் மரணித்துவிட்டால், குடும்பம் இத்தா முடிந்து, துயரம் தணிந்து, ஆவணங்களைத் தேடத் தொடங்குவதற்குள் அந்தக் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

யாஹூ குழுமங்களின் கதையும் நினைவிருக்கட்டும். இணையம் நம்மிடையே பரவிய தொடக்க ஆண்டுகளில், உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் அவற்றில்தான் கூடி எழுதினர். 2020 டிசம்பர் 15 அன்று அச்சேவை மூடப்பட்டது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் மட்டுமே அந்த எழுத்துகள் எஞ்சின.

நகலெடுத்துப் பல இடங்களில் வைப்பது நம் மரபுக்குப் புதிதன்று. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுத்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். இறைவேதத்தோடு நம் கணக்குகளை ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஸஹாபாக்கள் காட்டிய அந்த விழிப்புணர்வு, எழுத்தைப் பேணும் எவருக்கும் முன்மாதிரியாகும். செங்கடல் கரையில் குஸைர் என்னும் பழைய துறைமுகத்தில், 13ஆம் நூற்றாண்டில் அபூ முஃபர்ரிஜ் என்ற வணிகரின் குடும்பத்தார் பயன்படுத்திய கடிதங்களும் சரக்குக் குறிப்புகளும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்துள்ளன. வறண்ட மணல் அவற்றைக் காத்தது. நம் கடிதங்களைக் காக்க அப்படியொரு மணல் கிடையாது. நாமேதான் காக்க வேண்டும்.

வழி கடினமன்று. ஜிமெயில் வைத்திருப்போர் ‘கூகுள் டேக்அவுட்’ பக்கத்தில் மற்ற அனைத்தையும் நீக்கிவிட்டு அஞ்சலை மட்டும் தேர்ந்தெடுத்தால், மொத்தக் கடிதங்களும் ‘எம்பாக்ஸ்’ வடிவக் கோப்பாகத் தயாராகும். அதற்கான இணைப்பு சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ வரும். அது காலாவதியாகும் முன் இறக்கிக்கொள்ள வேண்டும். யாஹூ முதலிய பிற கணக்குகளை, இலவச மென்பொருளான ‘தண்டர்பேர்டு’ வழியே கணினியில் இணைக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: ‘ஐமேப்’ முறையில் இணைத்தால், அங்கே அழிவது இங்கேயும் அழியும். ஆகவே கடிதங்களைக் கணினியின் சொந்தக் கோப்புறைக்குப் படியெடுத்த பின்னரே அது காப்புப் பிரதி எனப்படும்.

ஏல விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பறித்த பச்சைக் காயை அப்படியே மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். உலர்த்தி, சலித்து, தரம் பிரித்து, ஈரம் படாத இடத்தில் வைத்தால்தான் ஏலத்துக்குப் போகும். கடிதங்களும் அப்படித்தான். இறக்கிய கோப்பைத் திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில் என்பது கணினித் துறையினர் சொல்லும் விதி. ஒன்று போடியில் இருந்தால், மற்றொன்று மதுரையிலோ துபாயிலோ உள்ள நம்பிக்கையான உறவினரிடம் இருக்கட்டும். 2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கி மலைச்சரிவுகள் சரிந்தபோது, வீட்டோடு பத்திரங்களையும் இழந்தோர் பட்ட பாட்டை மலையடிவாரத்தில் வாழும் நாம் அறிவோம்.

அச்செடுத்து வைத்தால் போதாதா எனலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்க அதற்குரிய சான்றிதழைக் கோருகிறது. அனுப்பியவர், நேரம் ஆகிய தலைப்பு விவரங்களுடன் கூடிய மூலக் கோப்பு கையிலிருப்பதே வலுவானது.

எல்லாவற்றையும் சேமிப்பதும் அறமாகாது. நம் பெட்டியில் பிறருடைய இரகசியங்களும் உள்ளன. ஒரு சகோதரி மனமுடைந்து எழுதிய கடிதம், ஒருவர் தம் வறுமையைச் சொல்லி உதவி கேட்ட கடிதம் போன்றவை அமானிதங்கள். அவற்றை நம் பிள்ளைகள் படிக்கும்படி விட்டுச் செல்வது அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். துருவி ஆராய்வதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. அதற்கான வாசலை நாமே திறந்து வைக்கலாகாது. எனவே கொடுக்கல் வாங்கல், சொத்து, வேலை, மருத்துவம் ஆகியவற்றைத் தனிக் கோப்புறைகளாகப் பிரித்து வாரிசுக்கு உரியதாக்குவோம். பிறர் மானம் சார்ந்தவற்றை உயிரோடு இருக்கும்போதே அழிப்போம். எதை வைப்பது, எதை அழிப்பது என்ற முடிவு நம்முடையதாக இருக்கட்டும். தொலைதூர நிறுவனத்தின் விதிக்கு அதை விட்டுவிட வேண்டாம்.

வஸிய்யத் செய்ய வேண்டியது ஏதும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. அந்த வஸிய்யத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கட்டும்: காப்புப் பிரதி எங்கே உள்ளது, அதைத் திறப்பவர் யார். கூகுள் கணக்கில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ என்ற வசதி உண்டு. நாம் குறித்த காலம் வரை கணக்கு இயங்காவிடில், நாம் முன்பே பெயர் தந்தவருக்கு நாம் அனுமதித்த தரவுகள் கிடைக்கும். அப்பெயர் மனைவியுடையதாக இருப்பதில் என்ன தயக்கம்? கணவரின் கொடுக்கல் வாங்கல் எதுவும் தெரியாமல், வந்து நிற்பவர் சொல்லும் தொகையை நம்புவதா மறுப்பதா என்று தவிக்கும் நிலை எந்தச் சகோதரிக்கும் வர வேண்டாம்.

வரும் ஜும்ஆவுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். கடனற்றவர்களாக, கணக்கு நேரானவர்களாக நம்மை மரணிக்கச் செய்ய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.