காது உயரத்துக்கு ஒரு கால்

என் மக கராத்தேயில பிரவுன் பெல்ட். நாலரை வருஷ உழைப்பு. அவளுக்குக் காலு, எனக்கு பர்சு. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு கலருக்கும் கிரேடிங் ஃபீஸ் தனி, பெல்ட்டுக்குத் தனி, சர்டிஃபிகேட்டுக்குத் தனி. அதை லேமினேட் பண்ணித் தர்ற ஜெராக்ஸ் கடைக்காரரும் என்னால கொஞ்சம் வாழ்ந்திருக்கார்.

மாவாஷி கேரின்னு ஒரு உதை. இடுப்பைத் திருப்பி, காலைச் சுழட்டி, எதிராளி காது உயரத்துக்குக் கொண்டு போகணும். இவ போட்டா பார்க்க அம்புட்டு அழகா இருக்கும். மொட்டை மாடியில நிக்க வச்சு, பின்னாடி திண்டுக்கல் மலைக்கோட்டை தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். சொந்தக்காரங்க பூராம் ஹார்ட்டு விட்டாங்க. எனக்கும் மனசுக்குள்ள ஒரு தெம்பு. இனி எவன் கிட்ட வருவான்?

வந்தான்.

போன மாசம், சாயங்கால நேரம், பஸ் ஸ்டாண்டுல சின்னாளபட்டி பஸ் ஏறினோம். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். ஒருத்தன் இவளுக்குப் பின்னாடி வந்து ஒட்டினான். அவ அப்பா வயசு இருக்கும், நெத்தியில திருநீறு வேற. டிரைவர் பிரேக் போடாதப்பவும் இவன் மட்டும் சாயுறான். பிள்ளை முகம் செத்துப் போச்சு. நான்தான் கத்தினேன். அவன் எதுவுமே நடக்காத மாதிரி நாலு ஆளைத் தள்ளிக்கிட்டு முன்னாடி நகர்ந்துட்டான். கண்டக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "கூட்டம்னா அப்படித்தாம்மா இருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க." பஸ்ஸுல அத்தனை ஆம்பளைங்க இருந்தாங்க. அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்து செல்போன்ல முக்கியமான வேலை வந்துருச்சு.

வீட்டுக்கு வந்து நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன். "ஏண்டி, நாலரை வருஷமா என்னத்தடி படிச்ச?"

"காலைத் தூக்க எங்கம்மா இடம் இருந்துச்சு?"

சுருக்குன்னுச்சு. அவ சொல்றது நியாயம்தானே? காது உயரத்துக்குக் கால் போகணும்னா ரெண்டடி தள்ளி நிக்கணும், தரை காஞ்சிருக்கணும், உடம்பு சூடேறியிருக்கணும், கால்சட்டை தொளதொளன்னு இருக்கணும். எதிராளியும் கும்பிடு போட்டு அசையாம நிக்கணும். இதுல எது நம்ம ஊரு பஸ்ஸுல கிடைக்கும்? பஸ்ஸை விடுங்க. பூ மார்க்கெட் பக்கம் காலையில போயிருக்கீங்களா? ஈரச் சாக்கு, மிதிபட்ட பூ, சகதி. அங்கே ஒத்தைக் காலைத் தூக்கினா நாமதான் மல்லாக்க விழணும். இதுல நான் சேலை கட்டி, ரப்பர் செருப்பு போட்ட பொம்பளை. எனக்கு முழங்காலுக்கு மேல கால் எழும்பினாலே அது உலக சாதனை.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. போட்டி விதியெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். அப்பதான் வயிறு எரிஞ்சுது. கராத்தே போட்டியில தலைக்கு உதை விட்டா 3 பாயின்ட், உடம்புக்கு 2, குத்துக்கு வெறும் 1. பாயின்ட் எங்கே இருக்கோ அங்கேதானே பயிற்சியும் போகும்? பிள்ளைங்க காலெல்லாம் மேலேயே பறக்குது. டேக்வாண்டோவுல இடுப்புக்குக் கீழ உதைச்சா அபராதம். கராத்தேயில மூட்டு, கவட்டை, பாதத்து மேல்பக்கம் எல்லாம் தொடக் கூடாத இடம். அதாவது, பஸ்ஸுல ஒருத்தன் வந்து ஒட்டினா எதெல்லாம் உதவுமோ, அம்புட்டையும் ஒரே பட்டியலாப் போட்டு "செய்யாதே"ன்னு எழுதி வச்சிருக்காங்க. விளையாட்டுக்கு அது சரிதான். பிள்ளைங்க ஒருத்தர் மூட்டை ஒருத்தர் உடைச்சுக்கக் கூடாதுல்ல? ஆனா போஸ்டர்ல 'பெண்களுக்கான தற்காப்பு'ன்னு போட்டுத்தானே என்கிட்ட காசு வாங்கினீங்க?

இத்தனைக்கும் கராத்தேக்குள்ளயே முழங்காலை உதைக்கிற கன்செட்சு கேரி இருக்கு. குதிங்காலால ஓங்கி மிதிக்கிற ஃபுமிகோமி இருக்கு. படத்துல பறந்து பறந்து அடிச்ச புரூஸ் லீயே நிஜச் சண்டைக்குன்னு வரும்போது முழங்காலுக்கும் முன்னங்கால் எலும்புக்கும் குறி வைக்கிற தாழ்வான உதையைத்தான் முன்னாடி வச்சார். காரணம் சின்னதுதான். கால் கொஞ்சம்தான் எழும்புது, நம்ம நிதானம் தப்பாது. அவனால பிடிச்சு இழுக்க முடியாது, வர்றதே கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் பின்னாடிதான் மடங்கும், பக்கவாட்டுல மடங்காது. முன்னங்கால் எலும்புக்கு மேல சதையே கிடையாது, கட்டில் கால்ல இடிச்சுக்கிட்ட எல்லாருக்கும் அந்த வலி தெரியும். கவட்டையில உதைன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க, பட்டா நல்லதுதான். ஆனா ஆம்பளைங்க சின்ன வயசுலேருந்து காபந்து பண்ணிப் பழகின இடம், சட்டுனு விலகிருவான். அதையே நம்பிக்கிட்டு நிக்க முடியாது. மிதிச்சமா, அவன் குனிஞ்சானா, நாம நகர்ந்தமா, அவ்வளவுதான். பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) சட்டத்துல 34லேருந்து 44 வரைக்கும் தற்காப்பு உரிமைதான் பேசுது. தேவைக்கு மேல அடிக்கக் கூடாதுங்கறதும் அதுலயே இருக்கு. ஒரு மிதி தேவைக்கு மேலயா?

எங்க தெருவுல பூ விக்கிற அப்பத்தாகிட்ட இதைப் புலம்பினேன். நிலக்கோட்டையிலேருந்து கூடையோட முப்பது வருஷமா பஸ் ஏறுற ஆள். சிரிச்சுது. "எவனாச்சும் ஒட்டுனா குதிங்காலை அவன் கட்டை விரல் மேல வச்சு, கூடை பாரத்தோட ஏறி நின்னுருவேன் தாயி. 'தெரியாம பட்டுருச்சுப்பா'ன்னும் சொல்லிருவேன்."

அந்தம்மா எந்தக் கராத்தே கிளாஸுக்குப் போச்சு?

பள்ளிக்கூடத்துக்கும் திட்டம் இல்லாம இல்ல. மத்திய அரசோட சமக்ர சிக்ஷா திட்டத்துல ராணி லட்சுமிபாய் பேர்ல, ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரை பொம்பளப் பிள்ளைங்களுக்கு மூணு மாசத் தற்காப்புப் பயிற்சி. (ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினா விருப்பாச்சி. புருஷனைப் பறிகொடுத்த வேலு நாச்சியார் அங்கே வந்து தங்கி, படை திரட்டிப் போய் 1780ல சிவகங்கையை மீட்டாங்க. பேருக்கு ஜான்சி வரைக்கும் போயிருக்க வேண்டாம். சரி, விடுங்க.) நான் பார்க்கப் போன ஒரு விழாவுல சீஃப் கெஸ்ட் முன்னாடி பிள்ளைங்க ஓடு உடைச்சாங்க. கைதட்டல் காதைப் பிளந்துச்சு. ஓடு என்னிக்காவது பஸ்ஸுல வந்து இடிச்சிருக்கா?

எல்லாத்தையும் விட எரிச்சல் எதுல தெரியுமா? பதிமூணு வயசுப் பிள்ளை உதைக்கக் கத்துக்கணும், அம்மா காசு கட்டணும், அப்பத்தா விரலை மிதிக்கணும். அந்தத் திருநீறு ஆளுக்கு மட்டும் எந்தக் கிளாஸும் இல்ல. கண்டக்டருக்கும் இல்ல.

மாஸ்டர்கிட்டயே கேட்டுட்டேன், முழங்கால் உதை சொல்லிக் குடுங்கன்னு. பாவம், நல்ல மனுஷன்தான். "அதெல்லாம் கிரேடிங் சிலபஸ்ல வராது மேடம்"னார். மறுநாள் வாட்ஸ்அப்புல பிளாக் பெல்ட் ஃபீஸ் விவரம் வந்துச்சு, கடைசித் தேதியோட. இன்னும் பதில் போடல.

இப்ப தினமும் சாயங்காலம் என் பழைய செருப்பை மாட்டிக்கிட்டு, கொல்லையில துவைக்கிற கல்லை மிதிச்சுப் பழகுறா. முதல் நாள் மெதுவாத்தான் மிதிச்சா. நேத்து உள்ளே காபி ஆத்திக்கிட்டிருந்தேன், டமார்னு ஒரு சத்தம்.

"அம்மா, வாரு அந்துருச்சு!"