கறுப்புக் கண்ணாடியும் வெள்ளகோவில் வெயிலும்

வெள்ளகோவில் பக்கத்தில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு. வெயிலுக்குப் பஞ்சம் வந்ததாக எந்தப் பாட்டியும் சொல்லக் கேட்டதில்லை. மேற்கு மலை மேகங்களின் சாரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு காற்றை மட்டும் இப்புறம் அனுப்பிவைக்கிறது. முருங்கைக்கும் விசைத்தறிக்கும் காங்கேயம் காளைக்கும் உகந்த இந்தச் சீமையில் இப்போது மோட்டார் வண்டிகளும் பெருகிவிட்டன. வண்டி வாங்கிய குடும்பத்தில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய மறுநாளே ஒரு விவாதம் கிளம்புகிறது: "கண்ணாடிக்குக் கூலிங் பிலிம் ஒட்டலாமா, கூடாதா?"

ஒட்ட வேண்டும் என்பவர்கள் பழைய காலத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். நம் தாத்தாக்களின் சவாரி வண்டியில் கூண்டு இருந்தது; பின்னால் திரையும் தொங்கிற்று; அதற்காக யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப்படவில்லை. வாஸ்தவந்தான். ஆனால் அந்தத் திரை வண்டிக்காரனுடைய கண்ணுக்கு முன்னால் தொங்கவில்லை. மேலும், வண்டி ஓட்டுகிறவன் தவறினாலும் மாடு பார்த்துக்கொள்ளும். மோட்டாருக்கு அந்தப் புத்தி கிடையாது.

முதலில் சட்டத்தைக் கவனிப்போம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் 70 சதவீத வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமாவது ஊடுருவ வேண்டும் என்கிறது. அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27-ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே சென்றது. எத்தனை சதவீத வெளிச்சத்தை விடுவதானாலும் சரி, கறுப்புப் பிலிமையோ வேறு பொருளையோ கண்ணாடிமேல் ஒட்டவே கூடாது என்று அது தீர்ப்பளித்தது. அந்த வருஷம் மே 4 முதல் உத்தரவு அமலுக்கு வந்தது. 'இஸட்', 'இஸட் பிளஸ்' பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தப் பாதுகாப்பு நமக்கில்லையே என்று வருந்துவதைவிட, நம்மைக் கொல்ல அத்தனை பேர் காத்திருக்கவில்லையே என்று மகிழ்வதே விவேகம்.

இருண்ட கண்ணாடிக்குள் நடக்கும் குற்றங்களை வெளியிலுள்ளவர் அறிய முடிவதில்லை என்பதே கோர்ட்டின் முக்கியமான கவலை. அது வீண் கவலையன்று. அதே வருஷம் டிசம்பரில் டில்லியில் ஓர் இளம்பெண் பஸ்ஸுக்குள் கொடூரமாகத் தாக்கப்பட்டாள். அந்தப் பஸ்ஸின் ஜன்னல்களும் கறுப்புக் கண்ணாடியும் திரையுமாக மறைக்கப்பட்டிருந்தன. போலீஸ் காவலைத் தாண்டித் தாண்டி அது ஓடிற்று. உள்ளே நடந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு சட்டம் சற்றே திரும்பியது. 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில், உட்புறம் பிளாஸ்டிக் பூச்சுள்ள கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடியின் வகையில் சேர்ந்தது. இதை வைத்துக்கொண்டு, விதித்த அளவு வெளிச்சத்தை விடும் பிலிமுக்கு அபராதம் போடலாகாது என்று கேரள ஹைகோர்ட்டு 2024 செப்டம்பரில் தீர்ப்புக் கூறியது. ஆனால் வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் செல்லும் வாதத்தை இந்தப் பக்கம் காங்கேயம் ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரும் ஒப்புக்கொள்வார் என்று நினைப்பதற்கில்லை. அவர் கையில் இருப்பது 2012-ஆம் வருஷத்து உத்தரவு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவுப்படி முதல் தடவை 500 ரூபாய் வரையிலும், மறு தடவை 1500 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். அதற்கு மேல், ஆயிரக் கணக்கில் கொடுத்து ஒட்டிய பிலிமை நடுரோட்டில் உரித்தெடுக்கும் காட்சியையும் பார்க்க நேரும்.

சதவீதக் கணக்கில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடைக்காரர், "இது ஐம்பது சதவீதப் பிலிம், சட்டப்படி சரி" என்கிறார். ஆனால் கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவதில்லை. அது 75 சதவீதம் விடுகிறது என்று கொள்வோம். அதன்மேல் 50 சதவீதப் பிலிமை ஒட்டினால், எழுபத்தைந்தில் பாதியாகிய 37.5 சதவீதமே உள்ளே வரும். 70 சதவீதப் பிலிமை ஒட்டினால் 52.5 வரும், அதாவது மயிரிழையில் தப்பலாம். முன் கண்ணாடிக்கோ 93 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் விடும் பிலிம் வேண்டும். ஆகையால் பிலிமின் எண்ணைக் கேட்பதில் பயனில்லை. கண்ணாடியும் பிலிமும் சேர்ந்து எவ்வளவு என்பதைக் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.

இனி வெயிலின் சங்கதி. கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்பது ஒரு மயக்கம். பூமிக்கு வரும் சூரிய சக்தியில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான சாயப் பிலிம் வெளிச்சத்தை மறைக்கும். அகச்சிவப்பின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சில வருஷங்களில் ஊதா நிறமாக வெளுத்தும் போகும். உலோகப் பூச்சுள்ளது வெப்பத்தை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் டெலிபோன் அலையையும், முன் கண்ணாடியிலுள்ள 'பாஸ்டாக்' அலையையும் சேர்த்துத் தடுக்கக்கூடும். சுங்கச் சாவடியில் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்து இந்த உண்மையைப் போதிப்பார்கள். செராமிக் பிலிம் பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே அகச்சிவப்பைத் தடுக்கும், விலைதான் அதிகம். கடையில் ஒரு சூட்டு விளக்கை எரித்து, பிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். அந்த விளக்கு பெரும்பாலும் அகச்சிவப்பையே உமிழ்வது, சூரியன் அப்படியல்ல. ஆதலால் மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

எந்தக் கண்ணாடிக்கு வெயில் வருகிறது என்பதையும் யோசிக்கவேண்டும். நம் ஊர் ரோடு கிழக்கே கரூருக்கும் மேற்கே கோவைக்கும் போகிறது. காலையில் கோவைக்குச் சென்று மாலையில் திரும்புகிறவருக்குச் சூரியன் இரு வேளையும் முதுகுப் பக்கம். கரூருக்குப் போய்வருகிறவருக்கோ இரு வேளையும் முகத்துக்கு நேர். மார்கழியில் சூரியன் தென்புறம் சாய்வதால், கோவைக்குப் போகையில் இடது பக்கமும் திரும்புகையில் ஓட்டுபவர் பக்கமும் காயும். சித்திரை ஆரம்பத்து நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சி. அப்போது வெப்பம் கூரை வழியாகவே இறங்குகிறது. பக்கக் கண்ணாடியில் எந்தப் பிலிமை ஒட்டினாலும் அந்த வேளைக்குப் பிரயோஜனம் சொற்பமே.

சட்ட அளவுக்கு உட்பட்ட தெளிந்த பிலிமை, வழக்கு வந்தால் வாதாடவும் துணிந்து, பக்கக் கண்ணாடிகளுக்கு ஒட்டுவது என்று தீர்மானித்தவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடிக் காற்றில் திறந்த வெளியில் ஒட்டவிடாதீர்கள். ஒரு மண் துகள் உள்ளே போனால் ஆயுள் முழுதும் கொப்புளமாகத் தெரியும். மூடிய கொட்டகையில், கண்ணாடியின் உட்புறத்தைச் சோப்பு நீரால் கழுவி, பிளேடால் சுரண்டி, மறுபடி கழுவ வேண்டும். வெளிப்புறத்தில் பிலிமை வைத்து, அளவாக வெட்டி, சூட்டுக் காற்றால் வளைவுக்குப் பதமாக்கி, பிறகே உட்புறம் ஒட்டுவார்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளுவார்கள். பின் கண்ணாடியில் பனி நீக்கும் கம்பிகள் இருந்தால் அதன்மேல் பிளேடு படக்கூடாது. மூன்று நான்கு தினங்களுக்குக் கண்ணாடியை இறக்கலாகாது. பால்போன்ற மங்கல் ஈரம் உலர்ந்ததும் மறையும், மடிப்பு மறையாது. அமோனியா கலந்த திரவத்தால் துடைக்கவே வேண்டாம். அளவு குறித்த ரசீதை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் அபிப்பிராயம் இதுதான். கறுப்புப் பிலிம் எக்காலத்தும் வேண்டாம். அறுபது வயதானவரின் கண்ணுக்குள் சேரும் வெளிச்சம் இருபது வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் கண்ணுக்கு முன் கறுப்பையும் ஒட்டிவிட்டு, இரவில் தறிக்குடோன் வேலை முடிந்து விளக்கில்லாத சைக்கிளில் வரும் கூலிக்காரனையும், ரோட்டைக் கடக்கும் எருமையையும் கண்டுகொள் என்று சொல்வது நியாயமா? குளிர்ச்சி நமக்கு, உயிர்ப் பயம் அவனுக்கு என்பது நல்ல பங்கீடன்று.

வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தலாம். நிறுத்திய வேளையில் முன் கண்ணாடிக்கு மின்னும் மறைப்பு வைக்கலாம். கிளம்பும்போது கதவுகளைத் திறந்து அனலை வெளியேற்றிவிட்டுப் பிறகு ஏ.ஸி. போடலாம். புது வண்டி வாங்குகிறவர்கள் வெப்பம் தடுக்கும் கண்ணாடி கம்பெனியிலேயே பொருத்தியதாக உண்டா என்று கேட்கலாம். இவற்றில் ஒன்றுக்கும் அபராதம் இல்லை.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ஒரே தேசத்தில் ஒரே விதி வாளையாற்றின் இரு புறமும் இரு விதமாகப் பொருள்படுவது பிரஜைகளுக்குத் தொல்லை. எந்தப் பிலிம் ஆகும், எது ஆகாது, எந்தக் கருவியால் அளப்பது என்பதை ஒரு சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டால் போலீஸாருக்கும் நிம்மதி, வண்டிக்காரருக்கும் நிம்மதி. அதற்கு முன்பாக, கட்சிக் கொடியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பறக்கும் வண்டிகளில் இரண்டொன்றை நிறுத்திப் பிலிமை உரித்துக் காட்டினால், சுற்றறிக்கையைப் படிக்காதவர்களுக்கும் விஷயம் விளங்கிவிடும்.