வீழ்ந்த பொறிக்கும் விசாரணை வேண்டும்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒருவர் திடீரென ஐயத்துக்கிடமான வகையில் உயிர் துறப்பாராயின், மரண விசாரணை முடியுமுன் உடலைச் சுடலைக்குக் கொண்டுசெல்ல எவரும் துணியார். அறியப்படாத காரணம் அடுத்த உயிரையும் கவரக்கூடும் என்பது அவ்வழக்கத்தின் உட்கருத்து. ஆயின், வங்கிக் கணக்கையும் மருத்துவமனைப் பதிவையும் தாங்கி நிற்கும் சேவையகக் கணினி ஒன்று திடீரென வீழும்போது யாம் செய்வது யாது? விரைந்து மீளத் தொடக்குகின்றோம். தொடக்கிய அளவிலே, வீழ்ச்சியின் சான்று நினைவகத்தினின்றும் மறைந்தொழிகின்றது. விசாரணைக்கு முன்னரே தகனம் முடிந்துவிடுகின்றது.

தமிழாசிரியனுக்கு இதில் யாது தொடர்பு என வினவுவாரும் உளர். பிழை காண்டல் எமது தொழில். மாணாக்கன் பிழைபட எழுதிய தாளைக் கிழித்தெறிந்து, "மீண்டும் எழுதுக" என்று மட்டும் கூறும் ஆசிரியனிடம் அவன் கற்பது யாது? அதே பிழையை மறுமுறையும் எழுதுவான். பொறியின் இயல்பும் அதுவே.

வீழ்ந்த பொறியின் இறுதி நிலையைக் காத்துவைக்கும் வழி ஒன்று உண்டு. கணினியின் பணிசெயல் முறைமைக்கு உயிர்நாடியாய் உள்ள பகுதியைக் கருனி என்பர். முன்னாளில், வீழ்ந்த கருனியே தன் நிலையை வட்டில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. நினைவிழந்த நோயாளியிடம் வாக்குமூலம் கேட்பதை அது ஒக்கும். லினக்ஸ் முறைமையில் இக்குறை தீர வழிகண்டோருள் இந்திய ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியியலாளரான விவேக் கோயலும் ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தாவும் குறிப்பிடத்தக்கவர். எரிக் பீடர்மன் அமைத்த கெக்செக் என்னும் உத்தியை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கேடம்ப், 2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த 2.6.13ஆம் பதிப்பில் இடம்பெற்றது. நினைவகத்தின் ஒரு சிறு பகுதியை முன்னரே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கருனி ஒன்றைக் காத்திருக்கச் செய்வர். முதலாவது வீழ்ந்தவுடன் இரண்டாவது எழுந்து, பழைய நினைவகத்தைப் படியெடுத்துச் சேமித்த பின்னரே பொறியை மீளத் தொடக்கும்.

கருத்து எளிது, நடைமுறையே கடினம். சேவையக வன்பொருள்களில் இவ்வேற்பாடு பல வேளைகளிற் பழுதுற்றே கிடக்கின்றது. ஒதுக்கிய நினைவகம் போதாதாயின், பல சாதனங்களைக் கொண்ட பெரும் பொறியில் இரண்டாவது கருனி எழும்போதே இடமின்றி மடியும்; ஒதுக்கீட்டைப் பெருக்குதலே அதற்கு மருந்து. வட்டுக் கட்டுப்படுத்தி முன்னைய கருனி இட்ட பணியை இடைநடுவில் வைத்திருக்கும். அதனை முதனிலைக்கு மீட்கவல்ல செலுத்தி வேண்டும். அது கிட்டாதவிடத்து, படியை வலையமைப்பின் வழியே வேறொரு கணினிக்கு அனுப்பலாம். அன்றியும், நின்றுபோன பொறியைத் தானே மீளத் தொடக்கும் காவல் மணிக்கூடு சில சேவையகங்களில் உண்டு. அதற்கும் செய்தி சொல்லிவைக்காவிடின், சாட்சியம் எழுதிமுடியுமுன் அது பொறியை மீளத் தொடக்கிவிடும்.

இவற்றுள் எதுவும் ஏட்டைப் பார்த்து அறியப்படுவதன்று. பொறியை வேண்டுமென்றே வீழ்த்திப் பார்த்தல் வேண்டும். அதற்கான கட்டளை லினக்ஸிலேயே உண்டு. பணிக்கு விடுமுன் ஒருமுறையும், கருனியையோ வன்பொருளையோ மாற்றுந்தோறும் ஒருமுறையும் சோதித்தலே முறை.

நினைவகம் வீணாகின்றதே என்பர் சிலர். 64 கிகாபைற்று உடைய பொறியில் 256 மெகாபைற்று ஒதுக்கினால் அது 256இல் ஒரு பங்கேயாகும். படியெடுக்கும் நேரம் வரை மக்கள் காத்திருக்க வேண்டுமே என்பர் வேறு சிலர். காரணம் அறியாத பொறி மறுவாரமும் வீழுமாயின் அந்நேரத்தை யார் தருவர்? நினைவகப் படியிற் பிறரின் அந்தரங்கமும் கடவுச்சொற்களும் அகப்படும் என்பதே தக்க தடை. ஆதலின், அப்படியைப் பூட்டிக் காத்தலும் ஆய்வு முடிந்ததும் அழித்தலும் கடமையாகும்.

காவல் உண்டென நம்பியிருத்தல் வேறு; காவல் இருத்தல் வேறு. 2023ஆம் ஆண்டில் இலங்கை அரச முகிற் கணினி கப்பம் கோரும் மென்பொருளால் தாக்குண்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அக்காலத்துக்கு மீட்கத்தக்க காப்புப் படி இருக்கவில்லை. அது பகைவர் செயல். யான் கூறும் வீழ்ச்சி வேறு. ஆயினும் சோதித்து அறியாத காவல் காவலன்று என்னும் பாடம் இரண்டிற்கும் பொது.

யான் இதனை வற்புறுத்துதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. சான்று அழிந்தவிடத்துப் பழி எளியோன்மேல் விழும். இரவுப் பணியில் தனித்திருந்த இளைஞன் எதையோ தொட்டுக் கெடுத்தான் என்று கூறிவிடுதல் அதிகாரிகளுக்கு எளிது. தான் குற்றமற்றவன் என நிறுவ அவனிடம் யாதுமில்லை. அவ்விளைஞன் நம் கல்லூரியில் நேற்றுப் படித்தவனாகவும் இருக்கக்கூடும். பொறியின் இறுதிச் சாட்சியம் பொறியை மட்டுமன்று, மனிதனையும் காக்கும்.

ஆதலின், கொழும்பு நகரத்து நிறுவனங்களிற் பொறுப்பான பதவி வகிக்கும் நம் பழைய மாணவர்களிடம் இவ்விழா மலர் வாயிலாக ஒன்று வேண்டுகின்றேன். புதிய சேவையகம் ஒன்றை ஏற்குமுன், "இதனை என் கண்முன் வீழ்த்திக் காட்டுக, அதன் சாட்சியத்தையும் எடுத்துக் காட்டுக" எனக் கேளுங்கள். அது கிடைத்த பின்னரே கையொப்பமிடுங்கள்.